பணம் கட்டியாச்சு, சரி; கணக்கை விட்டு வெளியே வந்தாச்சா?

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் அடுத்து கண்ணில் படுவது ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும்தான். அப்படி ஒரு கடையில்தான் நான் வேலை பார்க்கிறேன். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்தவர்கள், காட்பாடியிலிருந்து ஊர் திரும்ப டிக்கெட் போட வருவார்கள். காலேஜ் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் அப்படியே ஷூ ஒன்றை ஆர்டர் போடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் கரன்ட் பில் கட்டுவார்கள். எல்லாரும் ஆன்லைனில் பணம் கட்டப் பழகிவிட்டார்கள். கட்டி முடித்த பிறகு கணக்கை விட்டு முறையாக வெளியே வரத்தான் நிறையப் பேருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"லாக்-அவுட் பண்ணீங்களாம்மா?" என்று கேட்டால், "அதான் மேல இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கிட்டேனே தம்பி" என்று பதில் வரும். அவர் எழுந்து போனதும் அதே தளத்தைத் திறந்தால், அவர் பெயரைச் சொல்லி வரவேற்கும். வீட்டு முகவரி, போன் நம்பர், இதுவரை வாங்கிய சாமான் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆன்லைன் பணப் பரிமாற்றத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் பழகியவர்களும் நடுவில் உள்ள சில பகுதிகளைப் பார்த்துக்கொள்ளலாம், குறிப்பாக மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே பற்றியது.

ஜன்னலை மூடினால் ஏன் போதாது

நீங்கள் பாஸ்வேர்டு போட்டு ஒரு தளத்துக்குள் நுழைந்ததும், அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பை வைத்துவிடும். குக்கி என்று சொல்வது இதைத்தான். அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போகும்போது உங்களிடம் மறுபடி மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது அந்தக் குறிப்பை வைத்துத்தான். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போனால் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குவோம் இல்லையா? டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் செருப்பை எடுத்துக்கொண்டு போகலாம். முகத்தைப் பார்த்து யாரும் கொடுப்பதில்லை. குக்கியும் அப்படித்தான். லாக்-அவுட் பொத்தானை அழுத்தும்போதுதான் தளம் அந்த டோக்கனைச் செல்லாது என்று தள்ளுகிறது. ஜன்னலை மூடினால் டோக்கன் பிரவுசரிலேயே கிடக்கும்.

பிரவுசரை மூடியதும் தானாக அழிந்துவிடும் குக்கிகளும் உண்டு. ஆனால் குரோமில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற அமைப்பைப் போட்டு வைத்திருந்தால் அவையும் பிழைத்துக்கொள்ளும். பொதுக் கம்ப்யூட்டரில் அந்த அமைப்பு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வங்கிகளின் நெட் பேங்கிங் தளங்கள் இதில் கறார். கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டால் தாமாகவே வெளியே தள்ளிவிடும். ஷாப்பிங் தளங்கள் நேர்மாறு. நீங்கள் உள்ளேயே இருக்க வேண்டும், கை அரித்தால் உடனே அடுத்ததை வாங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அதனால் வாரக்கணக்கில்கூட உள்ளேயே வைத்திருப்பார்கள்.

"ஓடிபி இருக்கிறதே, என்ன ஆகிவிடும்?"

நியாயமான கேள்விதான். இந்தியாவில் கார்டில் ஆன்லைனாகப் பணம் கட்ட, கார்டில் அச்சடித்த விவரங்களைத் தாண்டி இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு (பெரும்பாலும் போனுக்கு வரும் ஓடிபி எண்) வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல் ஷாப்பிங் தளங்கள் உங்கள் முழுக் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஆகவே திறந்து கிடக்கும் கணக்கைப் பார்த்து ஒருவர் உங்கள் கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போக முடியாது. இது உண்மையிலேயே நல்ல பாதுகாப்பு.

ஆனால் ஓட்டை வேறு பக்கம் இருக்கிறது. தளத்துக்குள்ளேயே இருக்கும் கிஃப்ட் கார்டு பணம், ரீஃபண்டாக வந்து வாலட்டில் கிடக்கும் பணம், 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' வகைக் கடன் இவற்றுக்கு எல்லா இடத்திலும் ஓடிபி கேட்பார்கள் என்று நம்ப முடியாது. வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் கார்டு விவரம் இருந்தாலே பணம் போய்விடும். (2020-லிருந்து புதிதாக வரும் கார்டுகளில் ஆன்லைன் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியேதான் வரும், நாமாகத் திறந்தால்தான் உண்டு. வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும் வழக்கம் இல்லாவிட்டால் வங்கி ஆப்பில் போய் அது மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதையெல்லாம்விட நான் அதிகம் பயப்படுவது ஆர்டர் பட்டியலைப் பார்த்துத்தான். நீங்கள் என்ன வாங்கினீர்கள், எவ்வளவுக்கு, எந்த முகவரிக்கு, எந்த நம்பர் என்று ஒரு மோசடிக்காரனுக்குத் தெரிந்தால், "சார், நீங்க ஆர்டர் போட்ட மிக்ஸி டேமேஜ் ஆகிடுச்சு, ரீஃபண்ட் அனுப்புறோம், ஓடிபி சொல்லுங்க" என்று போன் வரும். எல்லா விவரமும் சரியாகச் சொல்கிறானே என்று நாமே ஓடிபியைப் படித்துக் காட்டிவிடுவோம். ஓடிபி என்ற பூட்டு அங்கேதான் திறக்கிறது.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் வாங்குவதென்றால்

உங்கள் சொந்த போனிலேயே முடியுமென்றால் அதிலேயே செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் வேலை பார்ப்பவன் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதில்லை. ஆனாலும் அதுதான் சரி. முடியாதபோது கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் மறைவு ஜன்னலைத் திறக்கவும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பாக ஒரு ஜன்னல் வரும், இன்காக்னிட்டோ என்பார்கள். ஃபயர்ஃபாக்ஸில் என்-க்குப் பதில் பி. மறைவு ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் அதிலிருந்த குக்கிகள் போய்விடும். ஏற்கெனவே ஒரு மறைவு ஜன்னல் திறந்திருந்தால் அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவும், ஏனென்றால் பழையவரின் கணக்கு அதில் இருக்கலாம். நீங்கள் மூடிய பிறகு அது மட்டும் மிச்சமிருந்தால் உங்கள் கணக்கும் அதில் தங்கும்.

2. பாஸ்வேர்டு போடும் இடத்தில் 'என்னை நினைவில் வை', 'லாக்-இன் ஆகவே வை' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சில தளங்களில் அதில் முன்கூட்டியே டிக் போட்டிருப்பார்கள். எடுத்துவிடவும். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டால் 'நெவர்'.

3. பிரவுசரிலேயே கூகுள் கணக்கைச் சேர்க்காதீர்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜிமெயில் தளத்துக்குள் போவது ஒன்று. குரோம் பிரவுசரின் வலது மூலையில் உள்ள வட்டத்தை அமுக்கி உங்கள் கணக்கைக் குரோமுக்கே கொடுத்து, சிங்க் (கருவிகளுக்கு நடுவே தகவலை ஒத்திசைப்பது) ஆன் செய்வது வேறு. இரண்டாவதைச் செய்தால் உங்கள் போனில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் வந்து சேரலாம். ஷாப்பிங் கணக்கை மட்டும் கவனமாக மூடிவிட்டு இதை விட்டுவிட்டால், முன்வாசலைப் பூட்டியதில் ஒரு பலனும் இல்லை.

4. பணம் கட்டும் பக்கத்தில் கார்டு எண்ணைத் தட்டச்சு செய்யாமல், யுபிஐ க்யூஆர் வருகிறதா என்று பாருங்கள். பல தளங்களில் வரும். திரையில் உள்ள க்யூஆரை உங்கள் போனால் ஸ்கேன் செய்து, பின் நம்பரை உங்கள் போனிலேயே போடுங்கள். மறைவு ஜன்னல் குக்கியைத்தான் அழிக்கும். அந்த மெஷினில் யாராவது விசைகளைப் பதிவு செய்யும் புரோகிராம் போட்டிருந்தால் அதைத் தடுக்காது. க்யூஆர் வழியில் போனால் கார்டு எண், சிவிவி (கார்டில் உள்ள ரகசிய எண்), பின் எதுவுமே அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே பெரிய ஆபத்து குறைந்துவிடும்.

5. 'ஆர்டர் உறுதியானது' என்ற பக்கம் வரும்வரை பொறுங்கள். ஆர்டர் நம்பரை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் நடுவில் மூடினால் பணம் போயிற்றா இல்லையா என்ற குழப்பம் வந்து, மறுபடி உள்ளே நுழைந்து, அப்படியே மறந்துவிடுவீர்கள்.

6. இப்போது லாக்-அவுட். அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் கம்ப்யூட்டரில் பார்த்தால் மேல்பக்கம் உங்கள் பெயர் அல்லது கணக்கு என்ற இடத்தில் சுட்டியைக் கொண்டுபோனால் ஒரு பட்டியல் விரியும். கடைசியில் சைன் அவுட் அல்லது லாக்-அவுட் இருக்கும். வேண்டுமென்றே அடியில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். ஐஆர்சிடிசியில் இவ்வளவு தேட வேண்டியதில்லை, மேலேயே இருக்கும்.

7. வெளியே வந்துவிட்டோமா என்று சோதித்துப் பாருங்கள். பின்னால் போகும் அம்புக்குறியை அமுக்கினால் சில நேரம் பழைய பக்கம் தெரியும். பயப்பட வேண்டாம், அது பிரவுசர் நினைவில் இருக்கும் வெறும் நகல். எஃப்5 அமுக்கிப் புதுப்பியுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் நீங்கள் வெளியேதான் இருக்கிறீர்கள்.

பிறகு இரண்டு இடங்கள் பாக்கி. டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க ஜிமெயில் திறந்திருப்பீர்கள். அதிலிருந்தும் வெளியே வாருங்கள். ஷாப்பிங் கணக்கைவிட மெயில்தான் முக்கியம், ஏனென்றால் எல்லாக் கணக்குக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கேட்டால் வழி அங்கேதான் போகும். இன்னொன்று வாட்ஸ்அப் வெப். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி எங்கள் கடையில் பிரிண்ட் போடுபவர்கள் தினமும் வருகிறார்கள். அதை மூடாமல் போவதும் தினமும் நடக்கிறது. போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, 'லிங்க்டு டிவைசஸ்' போய், அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைத் தொட்டு லாக்-அவுட் கொடுங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள். ஆதார், பாஸ்புக், ஆஸ்பத்திரி பில் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். உங்களுடையதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். சாதா ஜன்னலில் வேலை பார்த்திருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூன்றையும் அமுக்கி, 'ஆல் டைம்' என்று தேர்ந்தெடுத்து குக்கிகளை அழித்துவிடலாம். கடைக்காரர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். கோபிக்கும் கடைக்கு அடுத்த முறை போகாதீர்கள்.

ரயில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தால்

திரும்பி ஓடிவர வேண்டாம். கையில் போன் இருந்தால் போதும். கூகுள் கணக்குக்குள் போய், செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' என்ற பட்டியலைப் பாருங்கள். எந்தெந்தக் கருவியில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று வரும். தெரியாததைத் தொட்டு சைன் அவுட் கொடுங்கள். ஷாப்பிங் தளத்தில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றும்போது 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற வாய்ப்பு வந்தால் அதையும் தேர்ந்தெடுங்கள். எந்த வரிசையில் என்று கேட்டால், முதலில் மெயில், அப்புறம் ஷாப்பிங் தளம்.

ஒரு எச்சரிக்கை: 'உங்கள் கணக்கு வேறொரு கருவியில் திறந்திருக்கிறது, வெளியேற இங்கே தொடவும்' என்று எஸ்எம்எஸ்ஸில் லிங்க் வந்தால் தொடாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அந்த லிங்க் வழியாகப் போக வேண்டியதில்லை. ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள்.

சொந்த போனில் தினமும் லாக்-அவுட் செய்ய வேண்டுமா?

என் கருத்து, வேண்டாம். யுபிஐ ஆப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் வெளியேறி நுழைவது வீண் வேலை. யுபிஐ உங்கள் சிம்மோடும் போனோடும் கட்டப்பட்டது. பணம் அனுப்பப் பொதுவாக 4 அல்லது 6 இலக்க பின் வேண்டும். தனி ஆளின் போனுக்கு நல்ல ஸ்க்ரீன் லாக்கும், ஆப்பைத் திறக்கக் கைரேகையும் போதும். பூட்டிய திரையிலேயே எஸ்எம்எஸ் முழுசாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து, தெரிந்தால் மறைத்துவிடுங்கள். பூட்டிய போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனால், ஓடிபியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கூட்டாகப் பயன்படுத்தும் போன் வேறு கதை. குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ அப்பா வேலைக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போகும் ஒரே போன் பிள்ளைகள் கையில், பக்கத்து வீட்டார் கையில் என்று சுற்றும். அங்கே ஷாப்பிங் ஆப்பிலிருந்து வெளியேறி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: யுபிஐ லைட். சில்லறைச் செலவுக்காக 2022-ல் வந்த வசதி. இதில் பின் கேட்காது. 2024 டிசம்பரில் இதன் வரம்பை ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்த இருப்பு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி உயர்த்தியது. டீக்கடையில் வரிசையில் நிற்பவருக்கு வசதிதான். பல கை மாறும் போனில் இது திறந்த உண்டியல். அணைத்துவிடுங்கள், உள்ளே உள்ள பணம் வங்கிக் கணக்குக்கே திரும்பிவிடும்.

ஹாஸ்டலில் நண்பன் போனில் உங்கள் கணக்கைப் போட்டு பிரியாணி ஆர்டர் செய்தால், சாப்பிட்டு முடித்ததும் வெளியே வாருங்கள். நண்பனைச் சந்தேகப்பட்டு இல்லை. அந்த போன் அடுத்து யார் கைக்குப் போகும் என்பது அவனுக்கே தெரியாது.

லாக்-அவுட் செய்தாலும் நிற்காதது

இது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். ஆட்டோபே என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், நீங்கள் லாக்-அவுட் செய்தாலும், ஆப்பையே அழித்தாலும், மாதாமாதம் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஒரு ரூபாய்க்கு ஒரு மாதம் பாருங்கள் என்று ஆசை காட்டுவதெல்லாம் பெரும்பாலும் இதற்குத்தான். பொதுவாக 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமலே எடுக்கலாம் என்பது விதி. 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

நிறுத்த வேண்டுமென்றால் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதியைத் தேடுங்கள். எதெதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். வேண்டாததை ரத்து செய்யுங்கள். கார்டில் போட்டிருந்தால் வங்கியின் தளத்திலோ ஆப்பிலோ செய்ய வேண்டும்.

சிம்மை மாற்றும்போது, போனை விற்கும்போது

வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்கள் பலர் இங்கே ஒரு புது சிம் வாங்கி, அந்த நம்பரிலேயே ஷாப்பிங் கணக்கு, வாலட் எல்லாம் தொடங்கிவிடுகிறார்கள். ஊருக்குப் போனதும் சிம்மைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். ரத்தான நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் கணக்குக்கான ஓடிபி அவர் போனுக்குப் போகும். ஆகவே கிளம்பும் முன், அந்த நம்பரோடு இணைந்த கணக்குகளில் ஊர் நம்பரைக் கொடுத்து மாற்றுங்கள், அல்லது கணக்கையே மூடுங்கள். முக்கியமாக வங்கிக் கணக்கில்.

போனை விற்கும்போது யுபிஐ ஆப்பிலிருந்து சைன் அவுட், அப்புறம் கூகுள் கணக்கை நீக்குவது, கடைசியாக ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது). இந்த வரிசை முக்கியம். கூகுள் கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவர் போனைத் திறக்க முடியாமல் உங்களைத் தேடி வரலாம்.

பணம் போய்விட்டால்

1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிப்படி, தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை என்ற நிலையில் 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே சொன்னது போன்ற கவனக்குறைவு இருந்தால், வங்கியிடம் சொல்லும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். இரண்டு விதத்திலும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம்.

நேரில் புகார் கொடுப்பதென்றால் உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வேலூரில்; ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டையில்; ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். பஸ் பிடித்துப் போவதற்கு முன் 1930-ஐ அடித்துவிடுங்கள். போகும்போது வங்கி ஸ்டேட்மென்ட், பணம் போன எஸ்எம்எஸ்ஸின் ஸ்க்ரீன்ஷாட், ஆர்டர் நம்பர், 1930-ல் கொடுத்த புகார் எண் நான்கையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். எடுத்து முடித்ததும் அந்தக் கடையின் கம்ப்யூட்டரில் மெயிலை மூட மறக்காதீர்கள்.